பாத்திரத் தாளும் மனிதனும்: கணனி விளையாட்டுகள் பற்றிச் சில குறிப்புகள்

அடையாளம் என்பது கட்டமைக்கப்படுவது என்ற வாக்கியம் உச்சரிக்கப்படாத கூட்டமொன்றைப் புலம்பெயர்ந்த எம்மவர் மத்தியில் காண்பது அரிது. அது தவறான வாக்கியமென்று நான் சொல்ல வரவில்லை. பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளனாக இருந்த காலத்தில் அதைக் கரும்பலகையில் எழுதி விளக்கியவன் நான். ஆனால் கட்டமைக்கப்படுவது என்றால் விரும்பியபடி கழற்றிப் பூட்டலாம் என்று பொருள்கொள்ளும் போக்கொன்று எம்மிடையே வளர்ந்து வருகிறது. அப்போக்கோடு வாதிட நான் இங்கே எடுத்துக்கொள்ளும் பிரதிகள் சிலருக்குச் சிரிப்பை வரவழைக்கலாம். அவை கணனி விளையாட்டுகள்.

இரவு வேலை முடித்து வருபவனுக்குக் காலையில் உடனே நித்திரை வராது. மகன் படிப்புக்காக வேறு நகரம் போனபோது விட்டுச்சென்ற கணனியில் இவற்றை விளையாடத் தொடங்கினேன். ஐசோமெற்றிக் எனப்படும், உலகத்தை மேலிருந்து சாய்வாகக் காட்டும் மரபில் வந்த, பாத்திரமேற்கும் விளையாட்டுகள் இவை. சண்டையும் உண்டு. ஆனால் அதிக நேரம் போவது வாசிப்பதில்தான். எதிரே வருபவர் பேசுகிறார், நாம் சொல்லக்கூடிய பதில்கள் வரிசையாகத் தரப்படுகின்றன, ஒன்றைத் தெரிவுசெய்கிறோம். எழுத்து மோசமாக இருந்தால் விளையாட்டே இல்லை.

ஏறத்தாழ எல்லாமே ஒரு படிவத்தோடுதான் தொடங்குகின்றன. இனம், தொழில், முகம், குரல், உடல்வலிமை, அறிவு என்று ஒவ்வொன்றையும் விளையாடுபவரே நிரப்பவேண்டும். நிரப்பி முடித்தால் கிடைப்பது பாத்திரத் தாள். 2015இல் வெளிவந்த 'பில்லர்ஸ் ஒஃப் எற்றேர்னிற்றி'யில், பாத்திரம் முன்பு என்னவாக இருந்தது என்பதைத் தெரிவுசெய்ய ஒரு பட்டியல் வரும். அதில் அறிஞர் என்றும் உண்டு, உடலுழைப்பாளி என்றும் உண்டு. ஒன்றை மட்டுமே எடுக்கலாம். எடுத்ததும் ஓரிரு புள்ளிகள் கூடும். பின்னர் எங்காவது ஓர் உரையாடலில் அதற்குரிய பதிலொன்று எட்டிப்பார்க்கும். பதினொரு வருடம் விரிவுரையும் பதினாறு வருடம் தொழிற்சாலையும் கண்ட எனக்கு, அந்தப் பட்டியலின் முன்னால் கை ஓடவில்லை.

இந்தத் தயக்கத்திலிருந்தே எனது கேள்வி பிறந்தது. தாளில் நிரப்பப்படுவதற்கும் ஒரு மனிதன் பேசும் பேச்சுக்கும் இடையில் என்ன உறவு? அந்த உறவை எழுதிக் காட்டும் விளையாட்டு இலக்கியத்தை நெருங்குகிறது. தாளை மட்டும் பெருப்பிக்கும் விளையாட்டு உடுப்புக்கடையாகிறது. இதுவே எனது வாதம்.

'போல்டர்ஸ் கேட் 3' (2023) பெல்ஜியத்தின் லாரியன் நிறுவனத்தினுடையது. தெரிவுகளின் பெருக்கத்தில் இதை விஞ்சியதொன்றை நான் விளையாடியதில்லை. பன்னிரண்டு தொழில்கள், பதினொரு இனங்கள். முகத்தின் தழும்பு, கண்ணின் நிறம்வரை நமது விருப்பம். இதன் எழுத்தையும் மோசமென்று சொல்ல முடியாது. இருநூறு வருடங்கள் ஒரு எசமானனுக்கு அடிமையாயிருந்த அஸ்தாரியனும், தன் நினைவுகளை வழிபாட்டுக்கு ஒப்புக்கொடுத்ததாக நம்பும் ஷடோஹார்ட்டும் மனதில் நிற்கிறார்கள். ஆனால் இவர்கள் நாம் உருவாக்காதவர்கள். நாம் மணிக்கணக்காகச் செதுக்கிய கதாநாயகனோ அக்கூட்டத்திலேயே மிக மெலிந்த பாத்திரம். தெரிவுகள் கூடக்கூட அவனுக்கென்று எழுதக்கூடிய வாக்கியங்கள் குறைகின்றன. எல்லோருக்கும் பொருந்தவேண்டிய வாக்கியம் எவருடையதும் ஆவதில்லை. இதை ஆக்கியோரும் உணர்ந்திருக்க வேண்டும். முகத்தை நாமே அமைத்துக்கொள்ளக்கூடிய, ஆனால் இரத்தக்கறை படிந்த கடந்தகாலம் முன்பே எழுதப்பட்டுவிட்ட 'டார்க் ஏர்ஜ்' என்ற பாத்திரத்தையும் அவர்கள் தெரிவுக்கு வைத்திருக்கிறார்கள். அதை எடுத்தால் கதை உடனே கனக்கத் தொடங்குகிறது.

இவ்விளையாட்டின் முதற் பகுதியில் அகதிகள் வருகிறார்கள். கொம்பும் வாலும் கொண்ட டீஃப்லிங் இனத்தார். எல்ற்றுரெல் என்ற நகரத்திலிருந்து துரத்தப்பட்டவர்கள். அவர்கள் ஒதுங்கியிருக்கும் தோப்புக்குரியவர்கள், அவர்களை வெளியேற்றித் தோப்பை மூடிவிடத் தயாராகிறார்கள். நாம் அகதிகளைக் காக்கலாம். அவர்களைக் கொல்ல வருவோருக்குத் துணைபோகவும் செய்யலாம். எனது பாத்திரத்தையும் டீஃப்லிங்காகவே உருவாக்கிப் பார்த்தேன். சில இடங்களில் உறவு கொண்டாடினார்கள், சில பதில்கள் புதிதாகக் கிடைத்தன. அவ்வளவுதான். வெளியேற்றப்படுவோர் பட்டியலில் நான் இல்லை. கொம்பு முளைத்திருந்தும் நான் அவர்களின் விதியைத் தீர்மானிக்க வந்த கதாநாயகன்தான். செவ்லோர் போன்ற ஓரிருவர் தனித்து நின்றாலும், அகதி இங்கே இன்னொருவரின் நற்குணத்தையோ தீக்குணத்தையோ நிரூபிப்பதற்கான சந்தர்ப்பமாகவே இருக்கிறார். நாம் வாழும் நாடுகளின் செய்தித்தாள்களில் நாம் இடம்பெறும் விதமும் இதுதான் என்பதை இந்த இதழின் வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

1997இல் வந்த 'ஃபோல்அவுட்' வேறொரு பாடம் சொல்கிறது. அதில் அறிவு என்ற பண்புக்கு மிகக் குறைந்த புள்ளிகளைக் கொடுத்தால், பாத்திரத்தின் பதில்கள் முனகல்களாகவும் அரைச்சொற்களாகவும் சுருங்கிவிடும். எதிரே நிற்பவர்கள் பொறுமையிழப்பார்கள். தாளில் எழுதிய எண் மொழியாக மாறும் இடம் இது. அந்த வகையில் அது பெரிய பாய்ச்சல். ஆனால் சிரிப்பதற்கென்று எழுதப்பட்ட அந்தப் பகுதிகளில் என்னால் சிரிக்க முடியவில்லை. தொழிற்சாலையில் முதல் வருடம் நான் பேசியது அந்த மொழியைத்தான். ஆம், இல்லை, முடிந்தது, மன்னிக்கவும். மேற்பார்வையாளர் என்னோடு பேசும்போது குரலை உயர்த்தி, சொற்களைப் பிய்த்துப் பிய்த்துப் போடுவார். மொழி இல்லாதவனுக்கு அறிவும் இல்லை என்ற அவருடைய கணக்கே அவ்விளையாட்டின் விதியிலும் இருக்கிறது. பேச்சு என்று தனியொரு திறன் அத்தாளில் உண்டு; எனினும் வாயிலிருந்து வாக்கியம் வருமா முனகல் வருமா என்பதைத் தீர்மானிப்பது அறிவுப் புள்ளிதான். அறிவு பத்தும் மொழி ஒன்றுமாக வந்து இறங்கிய மனிதனுக்கு அந்தத் தாளில் இடமில்லை.

1999இல் வெளிவந்த 'பிளேன்ஸ்கேப்: டோர்மென்ற்' தெரிவுகளைக் குறைத்து எழுத்தைக் கூட்டிய பிரதி. அதன் நாயகனுக்குப் பெயரில்லை. பிணவறையில் கண்விழிக்கிறான். சாகமுடியாதவன், ஒவ்வொரு சாவிலும் நினைவை இழந்துவந்தவன். அவனது முகத்தையோ பாலையோ நாம் மாற்ற முடியாது. சில பண்புகளுக்குப் புள்ளிகளைப் பகிரலாம். அவற்றுள் ஞானத்தைக் கூட்டினால் பழைய வாழ்வுகளின் நினைவுகள் மீள்கின்றன. மீள மீள, இதே முகத்தோடு முன்பு உலாவியவன் யாருக்கெல்லாம் துரோகமிழைத்தான் என்பது தெரியவருகிறது. தன்னைக் காதலித்தவளைத் தன் தேவைக்காகச் சாகவிட்டவனும் அவனே. ஒரு மனிதனின் இயல்பை எது மாற்றும் என்ற கேள்வி கதை நெடுக வருகிறது. ரேவல் என்ற சூனியக்காரி அதைக் கேட்கும்போது பல பதில்கள் நம்முன் வைக்கப்படுகின்றன. எதைச் சொன்னாலும் ஏற்கிறாள். அது அவனுடைய பதிலாக இருந்தால் போதும். தெரிவு இங்கே முகத்தை விட்டு மனச்சாட்சிக்கு இடம்மாறுகிறது.

இந்த மரபின் உச்சமாக நான் கருதுவது, எஸ்தோனியர்களான றொபேர்ட் குர்விட்ஸும் அவரது தோழர்களும் 2019இல் வெளியிட்ட 'டிஸ்கோ எலிசியம்'. குடித்துக் குடித்து நினைவிழந்த ஒரு துப்பறிவாளன், புரட்சி தோற்றுப்போன ஒரு நகரத்தில், தூக்கில் தொங்கும் பிணமொன்றை விசாரிக்க வேண்டும். தாளில் நான்கு பண்புகள், அவற்றின் கீழ் இருபத்துநான்கு திறன்கள். திறன்கள் இங்கே வெறும் எண்களாக இருப்பதில்லை. அவை தலைக்குள் பேசுகின்றன. வாதிக்கின்றன, புகழ்கின்றன, பொய்யும் சொல்கின்றன. கலைக்களஞ்சியம் என்றொரு திறனுக்கு நான் நிறையப் புள்ளிகள் கொடுத்தேன், பழைய தொழிற்பாசம். அதுவோ பிணத்தின் முன்னாலும் தேவையற்ற தகவல்களைச் சொல்லிக்கொண்டேயிருந்தது. என் மனைவி பக்கத்திலிருந்தால், இதை எங்கேயோ கேட்டிருக்கிறேன் என்றிருப்பார். கூடிய திறன் கூடிய நன்மை என்ற சமன்பாட்டை இவ்விளையாட்டு உடைத்துவிடுகிறது. நாம் நமக்குத் தேர்ந்துகொள்ளும் பலமே நமது மடமையாகவும் ஆகிறது.

விருது மேடையில் இதன் ஆக்கியோர் மார்க்ஸுக்கும் ஏங்கெல்ஸுக்கும் நன்றி சொன்னார்கள். ஆனால் விளையாட்டுக்குள்ளே இடதுசாரிச் சுலோகத்தைத் தெரிவுசெய்யும்போது, அது ஒரு உடைந்த மனிதன் அவசரமாக மாட்டிக்கொள்ளும் சட்டையாகவே காட்டப்படுகிறது. தமது நம்பிக்கையையே இப்படி எழுதிப் பார்க்கும் நேர்மை எமது எழுத்தில் எவ்வளவு உண்டு என்று கேட்டுக்கொள்கிறேன். கதையின் முடிவையும் இங்கே சொல்லவேண்டியிருக்கிறது. கொலையாளி, தோற்ற புரட்சியின் பழைய போராளி. பல தசாப்தங்களாகக் கடலோரத் தீவொன்றில் துப்பாக்கியோடு ஒளிந்திருக்கும் முதியவன். அவன் தன் தாளில் ஒரு எழுத்தையும் மாற்றாதவன். துப்பறிவாளன் எல்லாவற்றையும் மறந்தவன். முதியவன் எதையுமே விடாதவன். இருவரும் எதிரெதிரே நின்று பேசும் அந்தக் காட்சியை நான் இரண்டு தடவை வாசித்தேன். எம்மில் இரு சாராரையும் எனக்குத் தெரியும். கடந்தகாலம் கனதியானது என்று நான் வாதிடுவதை, அதற்குள்ளேயே குடியிருப்பதற்கான நியாயமாக எவரும் எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

இவ்விரு சிறந்த பிரதிகள் மீதும் எனக்கொரு குறையுண்டு. இரண்டிலும் நாயகன் மறதிக்காரன். வெற்றுத் தாளோடு வரும் விளையாடுபவரையும் நிரம்பிய கடந்தகாலம் கொண்ட பாத்திரத்தையும் ஒட்டவைக்க, மறதி வசதியான பசை. இருவருக்கும் ஒன்றும் தெரியாது, சேர்ந்தே அறிந்துகொள்ளலாம். அகதியின் நிலைமை இதற்கு நேர்மாறானது. அவனுக்கு எல்லாம் நினைவிருக்கிறது. அவன் யாரென்பது சுற்றியிருப்பவர்களுக்குத்தான் தெரியாது. படிவத்தில் அதை எழுதப் பெட்டியும் இல்லை. இங்கு வந்து நான் நிரப்பிய முதல் படிவத்தில் முந்தைய தொழில் என்ற இடத்தில் விரிவுரையாளர் என்று எழுதினேன். மேசைக்கு அப்பால் இருந்தவர் அதை வாசித்துவிட்டு, உங்களால் எத்தனை கிலோ தூக்க முடியும் என்று கேட்டார். அவர் கெட்டவரல்ல. அவரிடம் இருந்த தாள் அப்படி.

நான் விளையாடியவற்றுள் எதுவும் அந்த மனிதனை எழுதவில்லை. புள்ளிகள் எல்லாம் உள்ளே இருக்க, வெளியே ஒரு பதிலைத்தவிர வேறொன்றும் தரப்படாத பாத்திரம். தெரிவுசெய்ய முடியாத பதில்களும் மங்கிய எழுத்தில் வரிசையாகத் தெரிந்துகொண்டிருக்க, அவன் ஆம் என்று மட்டும் சொல்லிவிட்டு இயந்திரத்தடிக்குத் திரும்பவேண்டும். அதை எழுதுவதற்குத் தொழில்நுட்பம் பெரிதாகத் தேவையில்லை. எமது இரண்டாந் தலைமுறையில் இந்தத் தொழிலைக் கற்ற பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களோடு உட்கார்ந்து பேச நாம் தயாரா, அல்லது இது பிள்ளைகளின் விளையாட்டு என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கப் போகிறோமா? மாற்றுக் கருத்துள்ளவர்கள் அடுத்த இதழில் எழுதட்டும்.