வீட்டுக்கு ஒரு முகம்

குறைந்த செலவில் வீட்டை அழகுபடுத்துவது எப்படி என்று தானே கேட்டுத் தானே பதில் சொல்லிக்கொள்ளும் பக்கம் இல்லாத பெண்கள் பத்திரிகை அநேகமாகக் கிடையாது. நான் அந்தப் பக்கங்களை விடாமல் படிக்கிறவன். மனிதர்கள் எந்த மாதிரி அறையில் உட்கார்ந்து சண்டை போட்டுக்கொள்கிறார்கள் என்பது கதை எழுதுகிறவனுக்குத் தெரிந்திருக்க வேண்டாமா? ஆனால் எந்தப் பத்திரிகையை எடுத்தாலும் யோசனை ஒன்றேதான். பழைய புட்டிக்கு வர்ணம் பூசு. அதில் ஒரு செடி வை. சுவரில் ஒரு படத்துக்குப் பதில் மூன்றாக மாட்டு. திண்டுக்குப் பளிச்சென்று உறை போடு. இப்படிச் செய்தால் உங்கள் வீட்டுக்கு உங்களுடைய தனித்தன்மை வந்துவிடும் என்று கட்டுரை முடியும்.

வந்துவிடுகிறதா என்று பரிசோதிக்கத் தியாகராய நகரைவிட நல்ல இடம் இல்லை. மாம்பலம் ஸ்டேஷனில் இறங்கி ரங்கநாதன் தெரு வழியாக உஸ்மான் ரோடு வரை இடிபட்டுக்கொண்டு நடந்தால், பத்திரிகை சொன்ன அத்தனை சாமானும் கைக்கு எட்டும் விலையில் கிடைத்துவிடும். என் சகோதரியின் மகன் இங்கேயே ஒரு அடுக்குமாடி வீட்டுக்குக் குடிவந்தபோது அப்படித்தான் செய்தான். ஜன்னலில் பிளாஸ்டிக் கொடி, மூலையில் புத்தர் தலை, சுவரில் குருவிகள் உட்கார்ந்த தகர மரம். "எல்லாம் சேர்த்து மூவாயிரம்கூட ஆகலை, மாமா" என்றான். நன்றாக இருக்கிறது என்றேன். பொய்யில்லை, நன்றாகத்தான் இருந்தது. அடுத்த மாதம் வேறொரு சிநேகிதர் வீட்டுக்குப் போனேன். அதே கொடி, அதே தலை, அதே குருவிகள். யார் வீட்டில் இருக்கிறேன் என்பது காபி வந்த பிறகுதான் நிச்சயமாயிற்று.

மலிவான சாமானைப் பழிப்பது என் நோக்கமல்ல. வீட்டுச் சாமான் கைவேலையாக, அழகாக இருக்க வேண்டும் என்று இங்கிலாந்தில் வில்லியம் மாரிஸ் சென்ற நூற்றாண்டுக்கு முந்தின நூற்றாண்டில் வாழ்நாளெல்லாம் போராடினார். தொழிலாளிக்கும் அழகு வேண்டும் என்ற பொதுவுடைமைக்காரர் அவர். அப்படியிருந்தும் அவருடைய சுவர்க் காகிதங்களும் திரைச்சீலைகளும் பணக்காரர்கள் மட்டுமே வாங்கக்கூடிய விலையில்தான் வந்தன. அவரால் முடியாததை ரங்கநாதன் தெரு செய்திருக்கிறது. ஒரு குமாஸ்தாவும் இன்று தன் சுவரைப் பற்றி யோசிக்கலாம். இதைக் கேலி செய்ய எனக்கு உரிமையில்லை. என் சந்தேகமெல்லாம் அந்தத் 'தனித்தன்மை' என்ற வார்த்தையின் மேல்தான்.

இந்தப் பேட்டையின் பழைய வீடுகளுக்கு அது எங்கிருந்து வந்தது? மாம்பலத்தின் பெரிய ஏரியைத் தூர்த்து 1920களில் இந்த நகரை அமைத்தார்கள். 1925-ல் காலமான பிட்டி தியாகராய செட்டியாரின் பெயரைச் சூட்டினார்கள். அப்போது எழுந்த வீடுகளில் இன்னும் இடிபடாமல் நிற்கும் சிலவற்றுக்குள் போனால் முதலில் கண்ணில் படுவது சிவப்புச் சிமெண்டுத் தரை. சலவைக்கல்லோடு பார்த்தால் அது ஏழைதான். ஆனால் இரண்டு தலைமுறை கால் பட்டு, ஈரத்துணி பட்டு அதற்கு ஒரு பளபளப்பு ஏறியிருக்கும். எந்தக் கடையிலும் அது விற்பனைக்கு இல்லை. ஊஞ்சல் இருந்த இடத்தில் மட்டும் நிறம் சற்று வெளுத்திருக்கும். அந்த வெளுப்பைப் பார்த்து அந்த வீட்டுப் பெரியவர் எத்தனை வருஷம் அங்கே உட்கார்ந்து காலால் தள்ளினார் என்று ஊகிக்கலாம்.

பிறகு காலண்டர். கோவில்பட்டியிலிருந்து கொண்டைய ராஜு வரைந்த லக்ஷ்மியும் முருகனும் சிவகாசி அச்சில் ஏறி, ஜவுளிக்கடையின் பெயரைக் காலடியில் சுமந்துகொண்டு, காசில்லாமல் வீட்டுக்கு வந்தார்கள். 1976-ல் மறைந்த அந்த ஓவியரின் படம் தொங்காத தமிழ் வீடு அந்தக் காலத்தில் அபூர்வம். வருஷம் முடிந்ததும் தேதியைக் கத்தரித்துவிட்டு, படத்துக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு, விட்டத்துக்குச் சற்றுக் கீழே முன்பக்கம் சாய்த்து மாட்டிவிடுவார்கள். படத்தை இவ்வளவு உயரத்திலா மாட்டுவது என்று இப்போதைய அலங்கார நிபுணர்கள் சிரிக்கிறார்கள். தரையில் உட்கார்ந்து அண்ணாந்து பார்க்கிறவர்களின் வீடு அது என்பதை அவர்கள் மறந்துவிட்டார்கள்.

கொலுவை எடுத்துக்கொள்ளுங்கள். இரும்புப் படிகளை மடித்து வைக்கிற காலத்துக்கு முன்பு டிரங்குப் பெட்டி, பருப்பு டின், பெஞ்சு, தடித் தடியான சட்டப் புத்தகங்கள் எல்லாவற்றையும் அடுக்கி மேலே ஒரு வெள்ளை வேஷ்டியை விரித்துவிட்டால் ஏழு படி. வருஷத்துக்கு ஒரு பொம்மையாவது புதிதாகச் சேர வேண்டும் என்பது வழக்கம். ஆகவே நாற்பது வருஷக் கொலு என்றால் நாற்பது வருஷத்து வீட்டுக் கணக்கு. இந்தச் செட்டியார் பொம்மை பெரியவனுக்கு வேலை கிடைத்த வருஷம். அந்தக் கை உடைந்த கிருஷ்ணன் சின்னவள் தவழ்ந்த வருஷம். உடைந்ததை எறியமாட்டார்கள், பின்னால் தள்ளி வைப்பார்கள். இப்போது தசாவதாரம் முதல் கல்யாண ஊர்வலம் வரை முழு செட்டாக மயிலாப்பூர் வடக்கு மாட வீதியில் ஒரே மாலையில் வாங்கி வந்துவிடலாம். பார்க்கக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அதைப் பற்றி வீட்டுக்காரர் சொல்வதற்கும் ஒன்றுமில்லை, விலையைத் தவிர.

இந்த வாதத்தின் உச்சியாக ஒரு காலத்தில் நான் கோலத்தைக் கொண்டு வந்து நிறுத்துவேன். ஒரு பிடி மாவு, வேறு செலவில்லை, தினம் புதிது. அதன் அறிவுக்கும் குறைவில்லை. 1970களில் தாம்பரத்துக் கிறிஸ்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணியும் அவரோடு உழைத்த கணித அறிஞர்களும், ஒரு பாஷைக்கு இலக்கணம் சொல்வதுபோலக் கோலத்துக்கு விதிகள் வகுத்துக் கட்டுரைகள் எழுதினார்கள். இத்தனை இருக்க, வாசலில் பிளாஸ்டிக் கோலத்தை வாங்கி ஒட்டுகிறார்களே என்று நானும் முன்பு ஒரு கட்டுரை எழுதினேன். பாராட்டிக் கடிதங்கள் வந்தன. எல்லாம் ஆண்கள் எழுதியவை. அதை நான் அப்போது கவனிக்கவில்லை.

கவனிக்க வைத்தவள் என் மனைவி. அவளுக்கு முழங்கால் வலி வந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. ஒரு நாள் பாண்டி பஜாரிலிருந்து அந்த ஸ்டிக்கரை வாங்கி வந்து, என் எதிரிலேயே காகிதத்தை உரித்தாள். நான் முகத்தைச் சுளித்தேன்.

"எழுதறது நீங்க. குனியறது நானா?" என்றாள்.

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இப்போதும் முழுப் பதில் இல்லை. சிவப்புத் தரையின் பளபளப்பு, நான் மேலே அவ்வளவு உருகினேனே, அதை ஏற்றியது ஈரத்துணி என்றேன். துணியைப் பிடித்தது யார் கை? கொலுப் படிக்குப் பெட்டியை இழுத்தது யார்? செலவில்லாத அழகு என்று நான் கணக்குப் போட்டபோது என் பையிலிருந்து போன ரூபாயை மட்டும்தான் எண்ணியிருக்கிறேன். அந்த விதத்தில் பத்திரிகைப் பக்கம் என்னைவிட யோக்கியம். புட்டிக்கு இவ்வளவு, வர்ணத்துக்கு இவ்வளவு என்று வெளிப்படையாக விலை போட்டுவிடுகிறது.

ஆனாலும் என் அபிப்பிராயத்தை நான் அடியோடு விட்டுவிடவில்லை. தகர மரத்துக் குருவிகள் வாங்கின அன்றைக்கு எப்படி இருந்தனவோ அப்படியேதான் இருக்கின்றன, தூசியைத் தவிர. வீட்டில் இருக்கிறவர்கள் கை வைத்த இடத்தில்தான் வீட்டுக்கு முகம் உண்டாகிறது என்றுதான் இன்றும் நினைக்கிறேன். அந்தக் கை எப்போதும் ஒருத்தியுடையதாகவே இருக்க வேண்டும் என்று எந்த அழகு சாஸ்திரமும் சொல்லவில்லை என்பதைத்தான் நான் சேர்த்து எழுத மறந்துவிட்டேன்.

இப்போது எங்கள் வீட்டில் ஏற்பாடு இது. ஸ்டிக்கர் அதன் இடத்தில் இருக்கும். வெள்ளிக்கிழமை மட்டும் அதற்குப் பக்கத்தில் மாவுக் கோலம், என் பொறுப்பு. ஐந்து புள்ளிக்கு மேல் எனக்கு வராது. அதிலும் ஒரு கோடு எங்கேயாவது போய் முட்டிக்கொண்டு நின்றுவிடும். போன வெள்ளிக்கிழமை எதிர்வீட்டு அம்மாள் கதவைத் திறந்தவள், கீழே பார்த்துவிட்டு என் மனைவியிடம் கேட்டாள்: "ஊரிலேருந்து பேத்தி வந்திருக்காளா?"