மறைந்து நிற்கும் எடுகோள்

பிரபஞ்சம் ஆதியில் அதிவேகமாய் வீங்கியதற்கு ஹிக்ஸ் புலமே காரணமாகலாம் என 2007இல் பெஸ்ருக்கோவும் ஷபோஷ்னிக்கோவும் மொழிந்தனர். ஈர்ப்பலைகளின் வலுவுக்கும் அடர்த்தி ஏற்றவிறக்கங்களின் வலுவுக்கும் உள்ள விகிதம் ஏறத்தாழ 0.003 என்பது அம்மாதிரியின் கணிப்பு. தூரத்தைத் தரும் அளவையிலிருந்தே வளைவைத் தரும் இணைப்பும் பிறக்கும் என்னும் எடுகோளில் ஊன்றியது அது. இரண்டையும் தனித்தனியே கொள்ளும் முறை பலாற்றினியின் பெயரால் வழங்குகின்றது. வகுத்தவரோ ஐன்ஸ்ரைன், 1925இல். சாதாரண ஈர்ப்பில் இரு முறைகளும் ஒரே சமன்பாடுகளையே தருகின்றன. ஹிக்ஸ் புலம் வளைவுடன் நேரே பிணையும்போதோ வழிகள் பிரிகின்றன. பலாற்றினி முறையில் அவ்விகிதம் மிகமிகச் சிறுத்துவிடுமென்பதை 2008இல் பௌவரும் டெமிரும் தொடக்கிய ஆய்வு காட்டிற்று. நாளை 0.003 காணப்படாது போனால் ஹிக்ஸ் மாதிரியே பொய்த்ததென்பது அவசரத் தீர்ப்பு. பொய்ப்பது அதன் ஒரு வடிவமே. எடுகோளை முகப்பில் எழுதாத கணிப்பை முழுமையான விஞ்ஞானமென நாம் ஏற்பதற்கில்லை.