பள்ளிக்கூட இசைநாடகமும் ஊரின் பங்கும்

எங்கட கரையோர ஊர்களில் பாடசாலைக் கலைவிழாவுக்குக் குறைவில்லை. மருதமுனையிலிருந்து அக்கரைப்பற்று வரை நான் பார்த்த விழாக்களில் பல ஒரே அச்சில் வார்த்தவை. உடுப்பு வாடகைக்கு வருகிறது, வெளிச்சமும் வாடகைக்கு வருகிறது. பாட்டு பென்டிரைவில் வருகிறது. பிள்ளைகள் வாயசைக்கிறார்கள். உம்மாமார் போனில் படம்பிடிக்கிறார்கள். “நல்லாத்தான் இருந்திச்சி” என்று சொல்லிக்கொண்டு எல்லாரும் வீட்டுக்குப் போகிறோம். நூறு பிள்ளைகள் மேடையில் நின்றும் ஒரு பிள்ளையின் குரலாவது நம் காதில் விழுந்ததா என்று எவரும் கேட்பதில்லை. ஊர் பார்க்க வருகிறது, செய்ய வருவதில்லை. என்னுடைய விமர்சனத்தின் சாரம் இதுதான்.

பெரிய இசைநாடகம் ஒன்றை மாணவரை வைத்துச் செய்ய முடியுமா என்ற கேள்விக்கு இந்த நாட்டிலேயே விடை இருக்கிறது. 1956 நவம்பர் 3ஆம் திகதி கொழும்பு லயனல் வென்ட் அரங்கில் எதிரிவீர சரச்சந்திரவின் ‘மனமே’ மேடையேறியது. நடித்தவர்கள் பெரும்பாலும் பல்கலைக்கழக மாணவர்கள். ஆனால் அவர்களுக்கு நாடகம் மரபின் மெட்டையும் ஆட்டத்தையும் பழக்கியவர் சார்ள்ஸ் சில்வா குணசிங்க என்ற கிராமத்துக் குருநான்சே. அந்த நாடகம் மரபோ தமிழ்க் கூத்திலிருந்து கிளைத்தது. பேராசிரியரும் குருநான்சேயும் ஒரே ஒத்திகையில் நின்றதால்தான் அது பிறந்தது.

தமிழில் இதே வேலையைப் பேராசிரியர் சு. வித்தியானந்தன் செய்தார். மட்டக்களப்பு அண்ணாவிமாரைத் தேடிப் போனார், பாடசாலைகளுக்கிடையே கூத்துப் போட்டிகள் நடத்தினார். 1960களில் பேராதனை மாணவரைக் கொண்டு ‘கர்ணன் போர்’, ‘இராவணேசன்’ முதலியவற்றை மேடையேற்றினார். விடிய விடிய ஆடிய கூத்து மண்டபத்துக்கு ஏற்றபடி சுருங்கியது. படித்தவர்கள் கூத்தை மதிக்கத் தொடங்கினார்கள். ஆனாலும் ஒரு குறை சொல்ல வேண்டும். வட்டக்களரியைச் சுற்றியிருந்து பார்த்த ஊர், இப்போது கதிரையில் முன்பக்கம் பார்த்தபடி அமர்ந்தது. பிற்காலத்தில் சி. ஜெயசங்கர் மட்டக்களப்புச் சீலாமுனையில் செய்த கூத்து மீளுருவாக்கம் இந்தக் குறையிலிருந்துதான் தொடங்கியது. எதை வைப்பது, எதை மாற்றுவது என்பதை அங்கே கூத்தாடும் மக்களே கூடிப் பேசினார்கள். பள்ளிக்கூட நாடகத்துக்கு எனக்குப் பிடித்த முன்மாதிரி இந்த இரண்டாவதுதான்.

“அதெல்லாம் அவங்கட கலை, நமக்கு என்ன இருக்கு?” என்று கேட்பவர்கள் உண்டு. 1961இல் அம்பாறை தனி மாவட்டமாகும் வரை நாமும் மட்டக்களப்புதான். பொல்லடி நம்மிடம் இருக்கிறது. றபான் இருக்கிறது. கரைவலை இழுக்கும்போது பாடும் அம்பா இருக்கிறது. வயல்வெளிக் கவி இருக்கிறது. கலியாண வீட்டில் பெண்கள் இடும் குரவை இருக்கிறது. எம். ஏ. நுஃமான், எஸ். முத்துமீரான் போன்றோர் நாட்டார் பாடல்களைத் தேடித் தொகுத்துத் தந்திருக்கிறார்கள். பா நாடகமும் கல்முனைக்குப் புதிதல்ல. நீலாவணன் ‘மழைக்கை’ எழுதினார். மஹாகவியின் ‘கோடை’யை நூலாக்கியது கல்முனை வாசகர் சங்கம்.

கதைக்கும் பஞ்சமில்லை. இஸ்லாமியத் தமிழிலக்கியத்தின் மசலா வடிவமே கேள்வியும் பதிலுமாக நடப்பது. ‘நூறு மசலா’வில் இளவரசி கேட்கிறாள், அவளை மணக்க வந்தவன் விடை சொல்கிறான். இதைவிடத் தயாரான மேடைக்கதை எங்கே கிடைக்கும்? அறிவால் ஆணைச் சோதிக்கும் பெண் அதன் நடுவில் நிற்கிறாள்.

மார்க்கம் பற்றிய தயக்கத்தை நான் லேசாக எடுக்கவில்லை. நபிமாரை மேடையில் காட்டுவது கூடாது. அந்த எல்லைக்குள் நின்றே முஸ்தபா அக்காத் 1976இல் ‘தி மெஸேஜ்’ படத்தை எடுத்தார். அதில் நபி (ஸல்) அவர்களின் உருவமும் இல்லை, குரலும் இல்லை. எதிரே நிற்பவரின் முகத்தைப் பார்த்தே நாம் புரிந்துகொள்கிறோம். எல்லை இருப்பதால் கலை நின்றுவிடாது என்பதற்கு அது சாட்சி. இசைக்கருவி, பெண்குரல் இரண்டிலும் உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதைத் தீர்ப்பது என் வேலையல்ல. ஆனால் றபானும் கைத்தட்டும் பொல்லின் ஓசையும் மட்டும் வைத்து ஒரு நாடகத்தை நிறைக்கலாம். பெண்பிள்ளைகள் பாடும் நாடகத்தைப் பெண்கள் மட்டும் பார்க்கும் அரங்கில் வைக்கலாம். நமது மூத்தம்மாமார் முற்றத்தில் அப்படித்தானே பாடினார்கள்? மண்டபத்தில் வாயசைக்கும் பிள்ளையைவிட அந்த முற்றத்தில் பாடியவளுக்குச் சுதந்திரம் கூடுதலாக இருந்தது.

வேலைப் பங்கீடு இப்படி இருக்கலாம். உடுப்புக்கு மருதமுனைக் கைத்தறி. நெய்தவரே ஒத்திகைக்கு வந்து எந்த நிறம் வெளிச்சத்தில் எடுபடும் என்று சொல்லட்டும். மேடைக்கு ஊர்த் தச்சர், கப்பல் காட்சியில் அம்பா பாடக் கரைவலைக்காரர், ஆட்டம் பழக்கப் பொல்லடி அண்ணாவியார். வசனத்தைப் பத்தாம், பதினோராம் தர மாணவர் எழுதட்டும், மௌலவி ஒருவர் தொடக்கத்திலிருந்தே கூட இருந்து பார்க்கட்டும். முடிந்த பிறகு பிழை கண்டுபிடிப்பதைவிட அது நல்லது. மாரி மழையும் வேளாண்மை வெட்டும் முடிந்த பிறகு ஒத்திகையைத் தொடங்கினால் வாப்பாமாரும் வந்து நிற்பார்கள்.

இதற்கு நேரம் போகும், சோதனைப் பெறுபேறு குறையும் என்று அதிபர்கள் அஞ்சுவது தெரியும். நாடகமும் அரங்கியலும் பாடசாலையில் ஒரு பாடமாகவே இருக்கிறது என்பதை அவர்களுக்கு நினைவூட்ட வேண்டும். அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. பொல்லடி அண்ணாவிமார் வயதாளிகள். அவர்கள் பாடுவதில் பெரும்பகுதி எந்தக் கொப்பியிலும் இல்லை. ஆய்வாளர் ஒலிப்பதிவு செய்தால் பாட்டு மிஞ்சும், ஆனால் அடி எடுத்து வைக்கும் கால் மிஞ்சாது. அதை ஒரு பிள்ளையின் காலுக்கு மாற்றிக் கொடுக்கப் பள்ளிக்கூட மேடையை விட்டால் நமக்கு வேறு இடம் இல்லை.