பொனட்டைத் திறக்கச் சொல்லுங்கள்: பழைய ஸ்போர்ட்ஸ் காரை ரசிப்பது எப்படி?

ஏப்ரல் சீசனில் நுவரெலியா போகிறவர்கள் வீதியோரம் ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் காரைக் கண்டால் படம் பிடித்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்கள். கண்ணில் பட்டது பெயின்ட் மட்டும். காசு இருந்தால் எந்தக் கராஜிலும் அந்தப் பளபளப்பை வாங்கலாம். தகப்பனும் பிள்ளையும் லீவு நாட்களில் சேர்ந்து ஓட வைத்த வண்டி என்றால், பார்க்க வேண்டியதும் கேட்க வேண்டியதும் உள்ளே இருக்கிறது.

இந்த மலைக்கும் வேகமான கார்களுக்கும் பழைய உறவு. மஹகஸ்தோட்ட மலையேற்றப் பந்தயம் 1934இல் தொடங்கியது. துரைமார் ஓட்டிய சின்ன பிரிட்டிஷ் கார்களில் சில இங்கேயே தங்கிவிட்டன. அவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது 1958இல் வெளிவந்த ஒஸ்டின் ஹீலி ஸ்ப்ரைட். விளக்கிரண்டும் பொனட்டின் மேல் விழித்துக்கொண்டிருப்பதால் அதைத் தவளைக்கண் என்பார்கள். டிக்கிக்கு மூடி கிடையாது. கதவுக்கு வெளிப்பிடியும் கிடையாது. பொனட், முன் மட்கார்டுகள், விளக்குகள் எல்லாம் ஒரே துண்டாகத் தூக்கிக்கொள்ளும். அதைத் திறக்கச் சொல்லுங்கள். தயங்காதீர்கள், திறந்து காட்ட அவர்களும் காத்துக்கொண்டுதான் இருப்பார்கள்.

உள்ளே இருப்பது 948 சிசி எஞ்சின். அந்தக் கால மொரிஸ் மைனர் 1000இல் இருந்ததும் இதே குடும்பத்து எஞ்சின்தான். ஸ்ப்ரைட்டில் இரண்டு காப்ரேட்டர், வேறு சில மாற்றங்கள், அவ்வளவுதான். இலங்கையில் இந்தக் கார் பிழைத்துக் கிடப்பதற்கு இது பெரிய காரணம். மைனர் ஓடாத ஊர் இங்கே இருந்ததில்லை. 1990களில் இங்கிலாந்தின் பாத் நகரிலிருந்த மொரிஸ் மைனர் நிலையத்துக்கே இலங்கையில் பாகங்கள் செய்து அனுப்பினார்கள். ஆகவே, “இது எங்கே கிடைத்தது?” என்று ஒவ்வொரு பாகத்தையும் காட்டிக் கேளுங்கள். கொழும்பு பஞ்சிகாவத்தையில் கடை கடையாக ஏறி இறங்கிய கதை வரும். தேயிலைத் தொழிற்சாலையில் ரோலருக்கும் டிரையருக்கும் புஷ் கடைந்து பழகிய பிட்டர் ஒருவர், கிடைக்காத புஷ்ஷைத் தன் கையால் கடைந்து கொடுத்த கதையும் வரலாம். அப்படிக் கடைந்த பாகம் இருந்தால் அதைக் கொஞ்ச நேரம் பாருங்கள். வெளிநாட்டிலிருந்து பெட்டியில் வந்த உதிரிப்பாகத்தைவிட அதற்கே என் மதிப்பு.

அடுத்தது காது. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,870 மீட்டர். இங்கே காற்று மெலிந்திருப்பதால் கொழும்பில் சரிசெய்த எஞ்சினுக்குப் பெட்ரோல் அளவுக்கு மிஞ்சிப் போய்விடும்; கரும்புகை தள்ளும், இழுவை குறையும். தகப்பன் எஸ்.யு. காப்ரேட்டரின் பிஸ்டனை ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு மெல்ல உயர்த்துவார். எஞ்சின் சத்தம் ஏறி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம். துவண்டு அணைந்தால் போதாது. ஒரு கணம் லேசாக ஏறித் தன் நிலைக்குத் திரும்பினால் சரி. ஜெட் நட்டை அறுகோணத்தின் ஒரு முகம் அளவுக்குத் திருப்பி மறுபடி கேட்க வேண்டும். ஒன்று முடிந்ததும் அடுத்த காப்ரேட்டர். “கூடிடுச்சுப்பா” என்று பிள்ளை சொல்ல, தகப்பன் ஸ்பேனரை எடுக்கிறார் என்றால் அந்தக் காது பழகிவிட்டது என்று அர்த்தம். பிளக்கைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். நுனி கரியாக இல்லாமல் பால்தேநீர் நிறத்தில் இருந்தால் இருவரையும் மனம் விட்டுப் பாராட்டலாம்.

பிறகு குனிந்து கதவுக்குக் கீழே பாருங்கள். ஸ்ப்ரைட்டுக்குத் தனிச் சட்டகம் இல்லை. உடம்பேதான் பாரம் தாங்குகிறது. பனியும் மழையும் முதலில் தின்பது அந்தக் கீழ்ப்பட்டியைத்தான். சின்னக் காந்தம் ஒன்றைத் துணி சுற்றி வைத்துப் பார்த்தால் ஒட்டாத இடம் புட்டி. துருவேறிய தகரத்தை வெட்டி எடுத்துப் புதுத் தகரம் வெல்டிங் செய்திருந்தால், அந்தத் தையல் கொஞ்சம் கோணலாக இருந்தாலும் நான் குறை சொல்ல மாட்டேன். புட்டி அடைத்து மறைத்திருந்தால் சொல்வேன்.

இலக்கத் தகட்டையும் விட்டுவிடாதீர்கள். 1957இல் புதிய தகடுகளில் எண்களுக்கு நடுவே சிங்கள ‘ஸ்ரீ’ எழுத்து வந்தது. அதற்கு எதிரான போராட்டம் 1958இல் மலையகத்திலும் மூண்டபோது பொகவந்தலாவையில் பொலிஸார் சுட்டதில் தோட்டத் தொழிலாளர் இருவர் இறந்தார்கள். அந்தத் தகட்டைப் பிள்ளை துடைக்கிறபோது தகப்பன் இதைச் சொல்லித் தர வேண்டும். காரின் வயதைச் சொல்கிறவர்கள் இந்த வரலாற்றையும் சேர்த்தே சொல்ல வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

கடைசியாக ஓட்டம். ஏற்றத்தில் எல்லாருக்கும் மகிழ்ச்சிதான். வேலை எப்படி நடந்திருக்கிறது என்பது இறக்கத்தில்தான் தெரியும். லபுக்கலை தாண்டி றம்பொடை வளைவுகளில் இறங்கும்போது நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக் மட்டுமே உள்ள இந்த வண்டியை இரண்டாம் கியரில் பிடித்து இறக்க வேண்டும். முதல் கியருக்குச் சின்க்ரோ இல்லை. ஓடுகிறபோது அதைப் போட வேண்டியிருந்தால் கிளட்சை இருமுறை மிதித்து, நடுவில் எஞ்சினைக் கொஞ்சம் தூக்கிவிட்டு, கரகரப்பில்லாமல் போட வேண்டும். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து அந்தக் கால் வேலையைக் கவனியுங்கள். கீழே நிறுத்தியதும் ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் உள்ளங்கையைக் காட்டிப் பாருங்கள், தொட வேண்டாம். முன்னிரண்டும் ஒரே அளவு சுட வேண்டும், பின்னிரண்டும் அப்படியே. ஒரு பக்கம் மட்டும் கூடுதலாகச் சுட்டால் உடனே அவர்களிடம் சொல்லிவிடுங்கள்; அங்கே பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது, மறுபடி மலையேறுவதற்கு முன் அந்தச் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தாக வேண்டும்.