கார்னர் என்றால் கேலியா?

கால்பந்தில் ஆர்சனல் ரசிகர்களைச் சீண்ட மற்ற அணிக்காரர்கள் கையில் எடுப்பது கார்னர் கிக்கைத்தான். ஓடும் ஆட்டத்தில் கோல் போடத் துப்பில்லையாம். எனக்கோ எங்கள் அணியின் ஆகச் சிறந்த கைவினையே அதுதான். 2021இல் மேலாளர் ஆர்டெட்டா, செட்-பீஸ் பயிற்சியாளர் நிக்கோலா ஜோவரை மான்செஸ்டர் சிட்டியிலிருந்து அழைத்துவந்ததன் பலன். வலது மூலையில் இடக்கால் சாகா, இடது மூலையில் வலக்கால் ரைஸ். இருவர் அடிக்கும் பந்தும் கோலை நோக்கியே வளையும். கோல்கீப்பருக்கு முன்னால் பென் வைட் நந்தி மாதிரி நின்றுகொள்வார். மற்றவர்கள் தூரத்துக் கம்பத்துக்கு அப்பால் குவிந்து நின்று, பந்து கிளம்பியதும் பாய்வார்கள். நின்ற இடத்திலிருந்து எம்புகிற தடுப்பாட்டக்காரரைவிட ஓடிவந்து எம்பும் எங்கள் கேப்ரியல் உயரப் போவதில் மாயமில்லை, ஒத்திகைதான்.

முன்னாள் மேலாளர் வெங்கர் காலத்துப் பாஸ்களில் ஊறியவர்களுக்கு இது மட்டமாகத் தோன்றலாம். ஆனால் 2024 செப்டம்பரில் டாட்டன்ஹாம் மைதானத்தில் ஆடியபோது நடுக்கள ஆட்டக்காரர் ஓடெகார்டு காயத்தால் இல்லை, ரைஸுக்குத் தடை. பாஸ் போட ஆளில்லாத அன்று சாகாவின் கார்னரும் கேப்ரியலின் தலையும்தான் 1-0 என்று கரைசேர்த்தன. அதே ஆண்டு ஏப்ரலில் அங்கே 3-2 என வென்றபோதும் இரண்டு கோல்கள் கார்னரில் வந்தவை. பரம வைரியின் வீட்டில் வந்ததால் ருசி கூடுதல். பிறகேன் அந்தப் பருவங்களில் லீக் பட்டம் கிடைக்கவில்லை என்பார்கள். 2023-24இல் 89 புள்ளி எடுத்தும் சிட்டியிடம் இரண்டு புள்ளியில் கோட்டைவிட்டோம். அடுத்த பருவத்தில் 14 ஆட்டங்கள் டிரா. நம்பகமான ஸ்ட்ரைக்கர் இல்லாமல் பருவத்தை ஓட்டியதற்கு ஆர்டெட்டாவைத் தாராளமாகத் திட்டலாம்; ஜோவரை விட்டுவிடுங்கள்.