விலங்குப் பண்ணையில் இருவகை அச்சங்கள்: ஆர்வெல்லின் அரசியல் உருவகப் புதினம் குறித்த மறுவாசிப்பு

ஜார்ஜ் ஆர்வெல்லின் 'விலங்குப் பண்ணை' 1945 ஆகஸ்டில் வெளிவந்தது. நெப்போலியன் என்னும் பன்றியை ஸ்டாலினாகவும் ஸ்னோபாலை ட்ராட்ஸ்கியாகவும் பொருத்திக் காட்டுவது இக்குறும்புதினம் பற்றிய ஆய்வுகளில் பெருவழக்கு. அப்பொருத்தம் பிழையன்று. ஆயினும் அதனோடு நின்றுவிடின் பனுவல் சோவியத்து வரலாற்றின் அடிக்குறிப்பாகச் சுருங்கிவிடும். அதிகாரச் சீர்கேட்டுக்கும் அச்சத்துக்கும் உள்ள உறவைப் பனுவலின் உள்ளமைப்பைக் கொண்டே ஆராய இக்கட்டுரை முற்படுகிறது.

அதிகாரம் முதலில் கெடுகிறது. பின்னர்த் தன்னைக் காத்துக்கொள்ள அச்சத்தை நாடுகிறது என்பது பொதுவான கருத்து. 3ஆம் இயலின் நிரல் இதற்கு இடந்தரவில்லை. ஒன்பது நாய்க்குட்டிகளை நெப்போலியன் தாய்களிடமிருந்து பிரித்துப் பரணில் ஒதுக்கி வளர்ப்பதும், காணாமற்போன பால் பன்றிகளின் தீனியில் கலக்கப்படுவது வெளியாவதும் அங்கு அடுத்தடுத்த செய்திகள். சலுகையும் கோரைப்பல்லும் உடன்பிறந்தவை எனலாம். பால், ஆப்பிள் நிகழ்வே கதையின் திருப்புமுனை என ஆர்வெல் 1946இல் டுவைட் மெக்டொனால்டுக்கு எழுதிய மடலில் குறித்துள்ளார். ஆனால் அந்நிகழ்வில் நாய்கள் தேவைப்படவில்லை என்பது கருதத்தக்கது. பன்றிகள் தம் கடமையில் தவறினால் ஜோன்ஸ் திரும்பிவிடுவான் என்று ஸ்குவீலர் சொன்ன அளவிலேயே எதிர்ப்பு அடங்கிவிடுகிறது.

எனவே பண்ணையை ஆள்பவை இருவகை அச்சங்கள்: நாயின் பல்லுக்கு அஞ்சுவது ஒன்று, ஜோன்ஸின் மீள்வருகைக்கு அஞ்சுவது மற்றொன்று. பின்னதே வலிமை மிக்கது. ஏனெனில் அது பொய்யன்று. ஜோன்ஸ் கொடியவன், பண்ணையை மீட்க ஆட்களுடன் வந்தவனும்கூட. உண்மையான ஓர் அச்சத்தின் மீதே பொய்யாட்சி எழுப்பப்படுகிறது.

முன்னதன் எல்லையை 7ஆம் இயல் காட்டுகிறது. தன்மீது பாய்ந்த மூன்று நாய்களுள் ஒன்றைப் பாக்ஸர் தன் குளம்பின்கீழ் அழுத்திப் பிடிக்க, மற்றவை வாலைச் சுருட்டிக்கொண்டு ஓடுகின்றன. அக்கணத்தில் பண்ணையின் வலிமை முழுதும் அக்குதிரையின் குளம்பில் இருக்கிறது. அதுவோ நாயை நசுக்குவதா விடுவதா என்று நெப்போலியனின் முகத்தை நோக்குகிறது! பாக்ஸரிடம் அச்சம் இல்லை, நம்பிக்கையே இருக்கிறது. அச்சத்தை மட்டுமே முதன்மைப்படுத்தும் வாசிப்புகள் இக்காட்சிக்கு விடை கூற இயலாது. அடுத்து நிகழும் கொலைகளுக்குப் பின் குளோவர் என்னும் குதிரை கண்ணீர் மல்க நிற்கிறது. அப்போதும் ஜோன்ஸின் காலத்தைவிட இது மேல் என்றே அது எண்ணுகிறது. கலகம் செய்ய எண்ணவில்லை.

10ஆம் இயலில் ஜோன்ஸ் இறந்துவிட்டான். நெப்போலியன் சாட்டையுடன் இருகாலில் நடந்துவரும்போது, நாய்கள் சூழ்ந்திருந்தும், விலங்குகள் எதிர்ச்சொல் கூறும் நிலைக்கு வந்துவிடுகின்றன. பல்லச்சம் தனித்து நின்று அவற்றைத் தடுக்கப் போதவில்லை. அவ்வேளையில் எழுகிறது முன்னரே பயிற்றி வைக்கப்பட்ட ஆடுகளின் கூச்சல். அது ஓயும்போது பன்றிகள் வீட்டினுள் சென்றுவிட்டிருக்கின்றன.