அட்டைப்படத்துக்குள் ஓர் அரசியல்: ‘ஒன் பீஸ்’ ரசிகர் விவாதங்களின் பலமும் பலவீனமும்

1997 ஜூலையில் ‘வீக்லி ஷோனென் ஜம்ப்’ இதழில் எய்ச்சிரோ ஓடா தொடங்கிய ‘ஒன் பீஸ்’ மங்கா இன்னும் முடியவில்லை. உலகெங்கும் 50 கோடிப் பிரதிகளைத் தாண்டிவிட்ட இந்தக் கடற்கொள்ளையர் கதையைச் சுற்றி, அதே அளவு நீண்ட ஒரு வாசக விவாதமும் நடந்து வருகிறது. அடிமை வணிகம், இனவெறுப்பு, அழிக்கப்பட்ட வரலாறு, கொடுங்கோல் ஆட்சி எனக் கதைக்குள் வருவனவற்றை ரசிகர்கள் நிஜ உலகத்தோடு வைத்துப் பேசுகிறார்கள். ஓடா உபரியாகத் தரும் கிளைக்கதைகளையும் கேள்வி-பதில் பகுதியையும் சலித்தெடுக்கிறார்கள். இவ்விரண்டும் கைகோக்கும் இடத்தில் நல்ல திறனாய்வு பிறக்கிறது. தனித்தனியே போகும்போது இரண்டும் மெலிந்துவிடுகின்றன.

முதலில் பலம். ‘ஒன் பீஸ்’ அத்தியாயங்களின் முகப்புப் படங்களில் அவ்வப்போது ஒரு சிறு தொடர்கதை ஓடும். வாரம் ஒரே ஒரு படம், ஓரிரு வரி எழுத்து, அவ்வளவுதான். அவசரமாகப் படிப்பவர் புரட்டிவிட்டுப் போய்விடுவார். அனிமே வடிவத்தில் இவற்றில் பெரும்பாலானவை முழுமையாக இடம்பெறவும் இல்லை. ஹாச்சியின் கதை அப்படிப்பட்ட ஒன்று.

ஹாச்சி ஆறு கைகள் கொண்ட மீன்மனிதன். கதைநாயகன் லூஃபியின் தோழி நாமியின் ஊரை எட்டு ஆண்டுகள் ஆட்டிப்படைத்த அர்லோங்கின் கும்பலில் இருந்தவன். கும்பல் வீழ்ந்த பிறகு கடற்படையிடமிருந்து தப்பி, கடலடியில் அலைந்து, கேமி என்ற கடற்கன்னியைச் சந்தித்து, கடைசியில் தான் கனவு கண்ட டாக்கோயாக்கிக் கடையைப் போடுகிறான். இதெல்லாம் முகப்புப் படங்களிலேயே நடந்து முடிகிறது. பல ஆண்டுகள் கழித்து சபாவோடி தீவுக் கதைப்பகுதியில் அவன் முதன்மைக் கதைக்குத் திரும்புகிறான். மனிதர்கள் நடமாடும் அத்தீவில் தன் கூடுதல் கைகளை உடைக்குள் மறைத்துக்கொண்டுதான் அவனால் நடக்க முடிகிறது. கேமி ஏலத்தில் விற்கப்படும்போது, பாய்ந்து செல்லும் லூஃபியைத் தடுக்கிறான். ஒரு பிரபு அவனைச் சுட்டுவிடுகிறான். குண்டடிபட்டுக் கிடந்தும், நாமிக்குச் சிறிதாவது ஈடுசெய்ய நினைத்தேன் என்றுதான் அவன் அழுதபடி சொல்கிறான்.

கொடுமை செய்தவனே கொடுமைக்கு ஆளாகும் இனத்தைச் சேர்ந்தவன் என்பதை இந்தக் காட்சி ஒரே வீச்சில் காட்டிவிடுகிறது. கிளைக்கதையைத் தவறவிட்டவருக்கு அவனுடைய மாற்றம் திடீரென்று நேர்ந்ததாகத் தோன்றும். அதை நினைவில் வைத்து, இணைத்துக் காட்டி, ஒடுக்குமுறை மனிதனை என்ன செய்கிறது என்று பேச வைத்தவர்கள் ரசிகர்களே. தொழில்முறை விமர்சகர்கள் பலர் எட்டாத இடம் இது. பெருந்தொடர் ஒன்றை ஒரு சமூகமாகச் சேர்ந்து நினைவில் வைத்திருப்பது அவர்களின் முதல் சாதனை.

பலவீனம் ஒப்பீட்டில் தொடங்குகிறது. மீன்மனிதர் தீவு பகுதியைப் பேசும்போது, அரசி ஒட்டோஹிமேவை மார்ட்டின் லூதர் கிங் என்றும், மீன்மனிதன் ஃபிஷர் டைகரை மால்கம் எக்ஸ் என்றும் பொருத்திவிட்டு வேலையை முடித்துக்கொள்பவர்கள் நிறைய. ஆனால், டைகர் அடிமைகளை விடுவித்தபோது மனிதர்களையும் சேர்த்தே விடுவித்தவர். மனிதச் சிறுமி கோவாலாவை வீடுவரை கொண்டு சேர்த்தவர். அப்படிப்பட்டவர்தான் சாகும் தறுவாயில் மனித ரத்தத்தை ஏற்க மறுக்கிறார். ஒட்டோஹிமேவைக் கொன்றவனோ மனிதனில்லை, ஹோடி என்ற மீன்மனிதன். மனிதர்கள் தனக்கு ஒரு தீங்கும் செய்யாதபோதே, பெரியவர்களிடம் கேட்டு வளர்ந்த வெறுப்பைச் சுமப்பவன். இந்த மூவரும் சேர்ந்து எழுப்பும் கேள்வி, வெறுப்பு அடுத்த தலைமுறைக்கு எப்படிக் கைமாறுகிறது என்பது. அமெரிக்கப் பெயர்ச்சீட்டு ஒட்டியதும் அந்தக் கேள்வி மறைந்துவிடுகிறது. ஒப்பீடு தேவைதான், ஒப்பீடு பொருந்தாமல் போகும் இடத்தில்தான் கதையின் சொந்தச் சிந்தனை இருக்கிறது.

இரண்டாவது குறை, ஆசிரியர் வாக்கை வேதவாக்காகக் கொள்வது. நான்காம் தொகுதியிலிருந்து வரும் எஸ்.பி.எஸ். கேள்வி-பதில் பகுதி பாதிக்குப் பாதி விளையாட்டு. 56ஆம் தொகுதியில், நிஜ உலகில் என்றால் லூஃபியின் கப்பல்குழுவினர் எந்தெந்த நாட்டுக்காரர்கள் என்று கேட்டதற்கு லூஃபி பிரேசில், நாமி ஸ்வீடன், சாஞ்சி பிரான்ஸ் என்று ஓடா அடுக்கினார். உசோப்புக்கு மட்டும் ஒரு நாடு கிடைக்கவில்லை. ஆப்பிரிக்கா என்ற முழுக் கண்டம் கிடைத்தது. இனப்பாகுபாட்டைப் பற்றி இவ்வளவு பேசும் ரசிகர்களில் பலர் இந்தப் பதிலை உறுதியான தகவலாகக் குறித்துக்கொண்டு போய்விட்டார்கள். கதையிடம் கேட்கும் கேள்வியை ஆசிரியரிடமும் கேட்கத் துணிய வேண்டும்.

மூன்றாவது குறைதான் இன்று முக்கியமானது. 2025 ஆகஸ்டில் இந்தோனேசியாவிலும் செப்டம்பரில் நேபாளத்திலும் போராட்டக்காரர்கள் லூஃபியின் வைக்கோல் தொப்பி மண்டையோட்டுக் கொடியை ஏந்தினார்கள். காத்மாண்டுவில் அரசின் தலைமைச் செயலகமான சிங்க தர்பார் வாயிலில் அது தொங்கியது. மடகாஸ்கரில் மண்டையோட்டின் தொப்பியை உள்ளூர்த் தொப்பியாக மாற்றி வரைந்துகொண்டார்கள். ஒரு கதையின் பொருள் தெருவுக்கு வந்த அரிய தருணம் அது, அதை மதிக்கிறேன். ஆனால் கொடியைக் கொண்டாடிய பேச்சில், கொடுங்கோலன் விழுந்த பிறகு இந்தக் கதையில் என்ன நடக்கிறது என்ற கேள்வி அரிதாகவே எழுந்தது. அலபஸ்டாவில் கோப்ரா, டிரெஸ்ரோசாவில் ரிகு, வானோவில் மொமோனொசுக்கே என லூஃபி வென்ற நாடுகளில் பெரும்பாலும் பழைய அரச குடும்பமே அரியணையில் தொடர்கிறது அல்லது மீண்டும் ஏறுகிறது. 2008இல் மன்னராட்சியை ஒழித்த நேபாளத்தில் பறந்த கொடிக்குப் பின்னால் இப்படியொரு கதை இருக்கிறது என்பதைப் பேசாமல் அரசியல் வாசிப்பு முழுமையடையாது.

கொடுங்கோலன் விழுந்த பிறகு என்ன என்ற கேள்விக்கான விடையின் ஒரு துண்டு மற்றொரு கிளைக்கதையில் கிடக்கிறது. டிரம் தீவின் மருத்துவர்களை விரட்டி, இருபது பேரை மட்டும் தன்னோடு வைத்துக்கொண்ட மன்னன் வாபோலை லூஃபி தூக்கியெறிகிறான். முகப்புப் படத்தொடரில் வாபோல் தெருவில் பட்டினி கிடந்து, பொம்மை வியாபாரியாகி, ஒரு புது உலோகத்தால் பெரும் பணக்காரனாகிறான். பிற்பாடு உலக அரசர்களின் மாநாட்டில் இன்னொரு நாட்டின் மன்னனாகவே வந்து அமர்கிறான். வீழ்ந்த கொடுங்கோலன் பணத்தின் வழியே திரும்பி வருகிறான் என்பதைச் சிரிப்புக் கதையாக ஓடா வரைந்துவிட்டார். அதில் எதிர்காலக் கதைக்கான துப்பு தேடும் ரசிகர்கள் ஏராளம். அதை அரசியலாகப் படிப்பவர்கள் குறைவு.

அக்கறை, நினைவாற்றல், உழைப்பு மூன்றிலும் இந்த வாசகர் கூட்டத்துக்கு ஈடு சொல்வது கடினம். குறைவது கதையோடு முரண்படும் துணிவு. ‘ஒன் பீஸ்’ படிக்கும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ஒற்றுமையைச் சொல்லும்போது வேற்றுமையையும் சேர்த்துச் சொல்லுங்கள், முகப்புப் படங்களைத் துப்புக்காக மட்டுமன்றிக் கதையாகவும் படியுங்கள், ஓடாவை நேசிப்பவர்கள் அவரோடு வாதாடவும் செய்யுங்கள்.